விருந்தினர் கட்டம்

அத்தை,

பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றியிருக்கிறேன். பாப்பா எழுந்ததும் கொடுங்கள். மோட்டாரைச் சரிசெய்யப் பத்து மணிக்கு ஆள் வருவார். நீங்கள் மேஜையில் வைத்துவிட்ட வீட்டுச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.

அந்தப் புதுக் குடியிருப்பின் ஃபாரத்தில் நான் உங்கள் பெயரை விருந்தினர் கட்டத்தில் எழுதியதை நேற்றுப் பார்த்துவிட்டீர்கள். "விருந்தாளி முப்பது நாளுக்கு மேல தங்கக் கூடாதாமே, மாப்பிள்ளை? நான் ரெண்டு வருஷமா தங்கிட்டேனே!" என்று சிரித்தீர்கள். அவர்கள் விதி அப்படி என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

முழுதும் சொல்லவில்லை. ஃபாரத்தை என்னிடம் கொடுத்த அன்று அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், "மனைவியே இல்லேன்னா அவங்க அம்மா எப்படி சார் உங்க குடும்பம்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பாப்பா சைக்கிள் ஓட்ட அங்கே இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. உங்கள் மகள் இருந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

இப்போது அங்கேதான் போகிறேன். உங்கள் பெயரைக் குடும்பத்தினர் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஃபாரத்தைக் கொடுக்காமலே திரும்பிவிடுவேன். இந்த வீடு நமக்குப் போதும்.

சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். அதுவரை எங்கும் போகாதீர்கள். கட்டிலுக்கு அடியில் நீங்கள் கட்டி வைத்திருக்கும் பையைப் பார்த்தேன்.

பி.கு.: உறவு கேட்ட இடத்தில் 'மனைவியின் அம்மா' என்று எழுதினேன். முன்னால் 'மறைந்த' என்று சேர்க்க இடம் இருந்தது. சேர்க்கவில்லை.