முதலில் பத்து வாக்கியம்

குன்னத்துகால்
4.6.2024

அன்புள்ள சேட்டனுக்கு,

பதில் எழுதப் பத்து நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். போனில் பேசினால் அம்மை பக்கத்தில் இருப்பார்கள், அதனால் மெயில்.

நீங்கள் சொன்ன செயலியில் நாற்பது பாடம் முடித்தேன். ஆப்பிள் சிவப்பு, பூனை மேசைக்குக் கீழே, எல்லாம் ஜப்பான் மொழியில் சொல்வேன். போன புதன் நம் பிள்ளை அபினுக்கு மறுபடியும் மூச்சு இழுப்பு. ஆட்டோவில் பாறசாலை ஆசுபத்திரிக்குப் போகும்போது யோசித்தேன்: அங்கே ஜப்பானில் நீங்கள் டூட்டியில் இருக்கையில் இப்படி வந்தால் டாக்டரிடம் பூனையைப் பற்றியா சொல்வேன்? அவன் நோயைச் சொல்லத் தெரியாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறமாட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஜப்பான் மொழி வகுப்பு உண்டு. ஆனால் இவனை விட்டுவிட்டு எப்படிப் போக? பத்து வாக்கியம் தமிழில் எழுதியிருக்கிறேன். 'பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது' முதலாவது. உங்கள் குரலில் ஜப்பான் மொழியில் பதிந்து அனுப்புங்கள். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்து நம் சபையில் அந்த மொழியில் பாடியவருக்கு ஐந்து நிமிட வேலை.

உங்கள் ஜெஸ்னா

22.6.2024

சேட்டா,

கேட்கும்போதெல்லாம் "டூட்டியாக்கும் மக்கா" என்கிறீர்கள். பக்கத்தில் இருந்து கேட்ட அம்மைகூட, "பாட்டு படிச்சவனுக்கு பத்து வரி சொல்ல என்ன கஷ்டம்?" என்கிறார்கள். டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

ஜெஸ்னா

நகோயா
30.6.2024

என் ஜெஸ்னாவுக்கு,

எனக்கு அந்த மொழி தெரியாது. அதுதான் பதில்.

இங்கே மெஷினில் நம்பர் பார்த்தால் போதும். கூட உள்ளவர்கள் நேபாளிகள், இந்தியில் பேசுவோம். சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். அந்தப் பாட்டு தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தது. போதகர் கட்டிப்பிடித்தபோது உண்மையைச் சொல்ல நா எழவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இங்கே ஆசுபத்திரி ஏறியதில்லை, பேச வெட்கம்.

நீ வரவில்லை என்றால் எனக்குப் புரியும்.

ஜெனில்

குன்னத்துகால்
4.8.2024

அன்புள்ள சேட்டனுக்கு,

ஒரு வாரம் கோபத்தில் போயிற்று. அப்புறம் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். ரெஷ்மா, என்கூட காலேஜில் படித்தவள், ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் அவள் டாக்டர், நான் தாய். அபின் நோயாளி, பிஸ்கட் கொடுத்தால்தான் இருமுவான். "எட்டீ, டாக்டர் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லாதே" என்று திட்டு வாங்குகிறேன். ஆனால் பத்தும் வந்துவிட்டது. என் குரலில் அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸில் கேளுங்கள், கூடவே சொல்லுங்கள். பாட்டு விஷயம் பற்றிச் சபையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

உங்கள் அறைக்குப் பக்கத்தில் குழந்தை டாக்டர் யாராவது உண்டா? லீவு நாளில் அங்கே போய் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்: என் மனைவியும் மகனும் வருகிறார்கள், மகனுக்கு இழுப்பு உண்டு. பதிவில் கடைசியாக அதையும் சேர்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் பதில் புரிந்தால் டிக்கெட் போடுங்கள்.

புரியாவிட்டாலும் போடுங்கள்.

உங்கள் ஜெஸ்னா