குளியலறையில் கேட்ட ஸ்கோர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை; நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு இங்கிலீஷ் பேசுகிறார்? யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு விடை தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று ஒரு சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன், போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய்.

முழங்கால் ஜவ்வு கிழிந்தபோது, இனி பாட்மின்டன் ராக்கெட்டைத் தொடவே கூடாது, மறுபடி அடிபட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அன்றைக்கு ராக்கெட்டைப் பரண்மேல் போட்டவர், சாயங்காலமானால் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலை, அது முடிந்தால் ஆட்ட ஹால், அவ்வளவுதான் அவர் உலகம். போகப் போகப் பழகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது கொஞ்ச நாளாக முகத்தில் தனிக் களை. சாயங்காலமானால் எங்கேயோ ஒரு லிஃப்ட் மாட்டிக்கொள்கிறது, இவர் கிளம்பிவிடுகிறார். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு பொழுது சாய்ந்தபிறகுதான் நிற்குமா என்று கேட்டேன். "மிஷினுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வரும்போது கையில் கிரீஸ் இல்லை, சட்டையில் கறை இல்லை. துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா.

பரண் ஏறிப் பார்த்தேன். ராக்கெட் உறைமேல் தூசு கலையாமல் இருந்தது. அதனால் சந்தேகம் தீரவில்லை, கூடித்தான் போயிற்று. ஒரு ராக்கெட்டை இரவல் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? இவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய தையற்காரரைக் கடையில் போய்ப் பார்த்து, இவர் ஹாலுக்கு வருகிறாரா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "வந்தா வருவாரு, வரலைன்னா வரமாட்டாரு, நான் என்ன அவருக்குக் காவலாக்கா?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

போன வாரம் மாடியில் அவர் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது துணி எடுக்க வந்தேன். "அப்ப ஸ்கோரை டெல் பண்றதில்ல, கால் பண்றது, அப்படித்தானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார். பாப்பா, பாடநூல்களில் இங்கிலீஷைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், அது யார் வாயில் வரும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாயின்டை ஸ்கோர் பண்ணுகிறவன் ஆடுகிறவன். வாட்ஸ் த ஸ்கோர் என்று கேட்கிறவன் தாமதமாக வந்து உட்கார்ந்தவன். ஒருத்தி லீட் எடுத்தாள், இன்னொருத்தி ஸ்கோரை லெவல் பண்ணினாள் என்பதெல்லாம் மறுநாள் பேப்பரில் எழுதுகிறவன் சொல்வது. ஸ்கோரைக் கால் பண்ணுவது, அதாவது உரக்கச் சொல்லி அறிவிப்பது, வலையோரம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நடுவர்தான். குளியலறைக்குள்ளிருந்தும் எண்களாகத்தான் கேட்கிறது. அப்படியானால் இவர் ஆடவில்லை, நடுவராக உட்காரப் போகிறார் என்று தோன்றுகிறது. தோன்றுகிறதே தவிர நம்ப முடியவில்லை. நாற்காலியில் உட்காருவதை யாராவது மறைப்பார்களா? ஆடுவதைத்தான் மறைப்பார்கள். அந்த முழங்கால் இன்னொரு முறை மடங்கினால் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பதும் அதோடு சரி. அதோடு, இங்கிலீஷ் எம்.ஏ. ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது, இவர் ஏன் கடல் தாண்டி உன்னிடம் கேட்க வேண்டும்?

உள்ளதை உள்ளபடி எழுது. அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே. குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. பல் டாக்டரைப் பார்த்தாயா என்பதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, நான் மறக்கவில்லை. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா

பி.கு. மறுநாள் சாயங்காலம் எழுதுகிறேன், கவரை இன்னும் ஒட்டவில்லை. இன்று காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டுமாக வந்து நின்று, லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்றார். லிஃப்டுக்குக் கல்யாணமா என்று கேட்டேன். அதற்குமேல் அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. நடுவர் பரீட்சையாம். தேறினால் வாராவாரம் போட்டி, ஹாலை விட்டு வர வேண்டாம். தேறாவிட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். ஸ்கோரை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டுமாம். என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "நீ நல்லாத்தான் சொல்லிக்குடுப்ப. அப்புறம் ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியா தப்பான்னு உன் மூஞ்சியப் பாக்கத் தோணும். அங்க மேல உக்காந்துக்கிட்டு யார் மூஞ்சியப் பாக்கறது?" என்றார். கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். "கடைசி வரிசையில உக்காரு" என்றார்.

முதல் ஆட்டம் பிசகில்லாமல் போயிற்று. இரண்டாவதில் இருபதுக்குப் பத்தொன்பது என்று இருந்து, அடுத்த அடியில் சர்வீஸ் கைமாறி, இருபதுக்கு இருபதாகச் சமமாயிற்று. அப்பா "சர்வீஸ் ஓவர், நைன்டீன் ஆல்" என்றார். ஆடிய பெண்கள் இருவரும் நின்று அவரையே பார்த்தார்கள். பரீட்சை வைக்கிற அம்மாள் பேனாவை எடுத்தார். அப்பாவின் பார்வை வரிசை வரிசையாக ஏறி என் பக்கம் வருவது தெரிந்தது. நான் குனிந்து செருப்பு வாரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். பிறகு "கரெக்‌ஷன்" என்று அவர் குரல் கேட்டது. "சர்வீஸ் ஓவர், டுவென்டி ஆல்." மறுபடி இறகுப்பந்து அடிபடும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். தேறினாரா என்பதை அடுத்த வாரம்தான் சொல்வார்களாம். எப்படி இருந்தது என்று வழியில் அவர் என்னிடம் கேட்கவில்லை.