திறப்பு விழாவுக்கு நீ வர வேண்டாம்

அன்பு மகன் ஹாரின்சனுக்கு அம்மா பெத்சாபே எழுதுவது. அந்தோபகாஸ்தா சுரங்கத்தில் நீ கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று மாதாவை நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சிப்பி பொறுக்கச் சதுப்புக்குப் போகிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், நீ நம்பிக்கொள். உன் ஞானத்தாய் ஒதிலியாவுக்கு முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் வடியவில்லை. மழை விடவே இல்லை. கடல் பக்கத்தில் நம் வீட்டைத் தாங்குகிற மரக்கால்கள் இரண்டு இற்றுப்போய்விட்டன, நீ அனுப்பிய பணத்தில் ஒன்றை மாற்றிவிட்டேன்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளன்று உன் தங்கை நாஸ்லியின் முகம் வரைந்த சுவரைத் திறந்துவைக்க அறக்கட்டளைக்காரர்கள் உனக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள், சுரங்கத்தில் லீவு கேட்டிருக்கிறேன் என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன், பக்கத்தில் ஆள் இருந்தது. இப்போது பக்கத்து வீட்டு மர்லெனியின் மச்சான் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வர வேண்டாம் மகனே. ஏன் என்று கேட்பாய், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நீ அங்கே போன பிறகுதான் நாஸ்லி அந்தப் பிள்ளைகள் வீட்டை ஆரம்பித்தாள், அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். எலியேசர் ஐயாவின் பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்து மரிம்பா வாத்தியம், மேளம், படிப்பு, சாயங்காலம் ஒரு தட்டு தேங்காய்ச் சோறும் மீனும். முப்பத்தொரு பிள்ளைகள். வாடகை, மேள வாத்தியார் சம்பளம், அரிசி எல்லாம் வெளிநாட்டு அறக்கட்டளை கொடுத்தது. நாற்பது வயதுக்கு மேல் எனக்கும் அங்கேதான் எழுத்து வந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் நம் தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கிறவர்கள் கோடு போட்டிருந்தார்கள், இவள் தினமும் போய் அந்தப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேண்டாம்டி என்றேன், கோடா, எங்கே, எனக்குச் சேறுதான் தெரியுது என்று சிரித்தாள். மார்ச்சில் அந்த இடத்திலேயே அவளைச் சுட்டார்கள். அதை நான் மறுபடி எழுத மாட்டேன்.

ஒன்பது நாள் செபம் சொல்லி, நானும் ஒதிலியாவும் இன்னும் இரண்டு பெண்களும் சாவுப்பாட்டுப் பாடி, கடைசி நாள் பீடத்தைக் கலைத்து, மெழுகுவர்த்தியை அணைத்து, வாசல் வரைக்கும் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டு அவளை முறையாக அனுப்பிவைத்தோம். நீ வர முடியவில்லை என்று அழுதாய், அதில் உன் குற்றம் எதுவும் இல்லை. அனுப்பிவைத்த பிறகு பாடக்கூடாது, செத்தவர் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டை எடுக்கக்கூடாது, எடுத்தால் போனவர் திரும்பி வந்து நிற்பார், இல்லையென்றால் பாட்டு வேறொருவரைத் தேடும். இது உனக்கும் தெரியும், சின்ன வயதில் குளிக்கும்போது முணுமுணுத்துவிட்டு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

ஜூனில் அறக்கட்டளையிலிருந்து இவெத் என்ற பெண் பொகோத்தாவிலிருந்து வந்தாள். நல்ல பெண்தான், சும்மா சொல்லக்கூடாது, நம் பலகை நடைபாதையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று வருடப் பணம் முடிகிறது, மேலே நீட்டிக்க வேண்டுமானால் பணம் கொடுக்கிறவர்கள் மனசு இளக வேண்டும், ஜூலையில் பொகோத்தாவில் அவர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது, நீங்கள் நாலு பேரும் வந்து நாஸ்லிக்குப் பாடினதைப் பாடுங்கள் என்றாள். நான் முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. பிள்ளைகள் சாப்பிடுகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், வற்புறுத்தியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன்.

அப்போது ஒதிலியாதான் வழி சொன்னாள். ஏண்டி பெத்சாபே, உம் புருசன் கடல்ல போயி பதினாலு வருசம் ஆச்சு, உடம்பு கெடைக்கலன்னு ஒரு பாட்டுகூட பாடல, அவருக்கு ஒண்ணு பாக்கி நிக்குதுல்ல, அதப் பாடுவோம், கேக்குறவனுக்கா தெரியப்போவுது யாருக்குப் பாடுறோம்னு என்றாள். எனக்கும் சரியாகப் பட்டது. உன் அப்பா குமெர்சிந்தோவுக்கும் ஆயிற்று, பிள்ளைகள் சோற்றுக்கும் ஆயிற்று என்று நினைத்தேன். யாரையும் ஏமாற்றுகிற மாதிரிக்கூடத் தோன்றவில்லை.

வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டு நாலு பேரும் போனோம். பெரிய ஓட்டல், குளிர் உள்ளே வரக்கூடாது என்று எல்லாக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு ஐயா கையில் கிளாசோடு வந்து, அருமையான குரல் உங்களுக்கு, இதையே கொஞ்சம் வேகமா, மேளத்தோட பாடினா எல்லாரும் ஆடலாமே என்று கேட்டார். ஒதிலியா, உங்க வீட்டுல யாராச்சும் செத்தா சொல்லி அனுப்புங்கய்யா, வந்து ஆடுறோம் என்றாள். அவர் சந்தோஷமாகக் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் சிரித்தேனே என்று இப்போதும் உறுத்துகிறது.

பிறகு பாடினோம். மூன்றாவது அடியில் செத்தவர் பெயர் வரும். குமெர்சிந்தோ, குமெர்சிந்தோ என்று வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன், நாக்கில் அதுதான் இருந்தது. வாயைத் திறந்தேன், நாஸ்லி என்று வந்தது. மற்ற மூன்று பேரும் ஒரு மூச்சு நின்றார்கள். பெயர் சொன்ன பிறகு பதில் பாடாமல் விட்டால் அது அதைவிடக் கேடு, அதனால் பாடினார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். சாவுப்பாட்டுக்குக் கை தட்டி நான் கேட்டதில்லை ராசா. கூப்பிட்ட பிள்ளை எந்த வழியாகப் போவாள் என்று கதவுகளைப் பார்த்தேன். அதற்குள் இவெத் ஓடி வந்து, அம்மா மன்னிச்சுக்கோங்க, கேமரா முதல் பாதியை எடுக்கல, இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் பாடினேன். இரண்டாவது தடவை தவறி வரவில்லை, அவள் பெயரை நான் தெரிந்தேதான் சொன்னேன். ஒருமுறை கூப்பிட்டாகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று ஆசையாக இருந்தது. இதை ஒதிலியாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் பதில் வந்தது. பணம் உண்டு, ஆனால் இந்த வருடம் நினைவைப் போற்றுகிற திட்டங்களுக்கு மட்டும்தானாம், அதனால் நாஸ்லிக்கு நாலு ஆள் உயரத்தில் சுவர்ப்படம், ஒரு புத்தகம், ஒரு விழா. அரிசியும் வாத்தியார் சம்பளமும் அந்தத் திட்டத்துக்குள் வராதாம். பெயிண்ட் வாங்கும் காசில் அரிசி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இவெத் போனில் அழுதாள், என் கையில எதுவும் இல்லம்மா என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். படம் வரைகிற பையன்கள் வந்து பிள்ளைகள் வீட்டின் பக்கச் சுவரில் அவள் முகத்தை வரைந்தார்கள். நன்றாக வரைந்திருக்கிறார்கள், கன்னக்குழிகூட இருக்கிறது. முனையில் நிற்கிறவர்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மேலத்தெருப் பிள்ளை ஒன்றும் வரவில்லை. அந்த வாரமே நம் தெருப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். எலியேசர் ஐயா பூட்டோடு வந்தார். தப்பா நெனைக்காத பெத்சாபே, எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு, உம் மக மூஞ்சிய செவுத்துல வச்சுக்கிட்டு நான் நிம்மதியா தூங்க முடியுமா என்றார். பூட்டிவிட்டார். மரிம்பாவை நம் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறேன், ஈரத்தில் கட்டைகள் ஊதிவிட்டன. விழா மட்டும் இருக்கிறது. சுவர் வெளியே இருப்பதால் அதற்கு உள்ளே ஆள் தேவையில்லை.

இப்போது நீ வருகிறேன் என்கிறாய். கூப்பிட்டு வந்தவ வெறுங்கையோட திரும்ப மாட்டா, வீட்டு ஆளைத்தான் துணைக்குத் தேடுவா என்று ஒதிலியா சொல்கிறாள். நம் வீட்டில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள். என்னை எடுத்துக்கொள் என்று எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்துவிட்டேன், நான் அவளுக்கு வேண்டாம் போலிருக்கிறது. இதெல்லாம் கிழவிகள் பேச்சு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், இன்னொன்றையும் கேள். விழாவில் அண்ணன் என்று உன்னை மேடையில் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துவார்கள், பேசு என்பார்கள், நீயும் உன் தங்கை மாதிரி பேசுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். அந்த முகத்தை முனையில் நிற்கிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள், உன்னை அடையாளம் காட்ட யாரும் வேண்டாம்.

உன்னைப் பார்த்து ஆறு வருடமாகிறது. பார்க்க ஆசை இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் செத்துப்போனாலும் வராதே, எனக்குப் பாட ஒதிலியா இருக்கிறாள். இவெத்திடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல், காரணம் கேட்டால் முதலாளியைத் திட்டு.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், கார்மேல் மாதா உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும். பாலைவனக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொள். இது கைக்குக் கிடைத்ததும் வரவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை போனில் அனுப்பு. நான் திருப்பிக் கூப்பிட்டு வா என்று அழுதாலும் எடுக்காதே.

உன்னைப் பெற்றவள்
பெத்சாபே
புவெனவெந்துரா, அக்டோபர் பத்தொன்பது