ஒரே தாளில் வெட்டிய சட்டைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், தையல் கடையும் மூன்று மெஷினும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கசப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த மாதம் நீ வர வேண்டாம். டிக்கெட் எடுத்தாச்சு என்பாய், ரத்து செய். அக்கா வந்தா நான் மறுபடியும் சாப்பிடறதை நிறுத்திடுவேன்மா என்று உன் தங்கை சொல்லிவிட்டாள். மிரட்டவில்லை, நாளைக்குக் கடை லீவு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

போனில் அவளுக்கு வயிற்றுக் கோளாறு என்றேனே, அது பொய். ஏழு வாரமாக வைத்தியம் நடக்கிறது. கடையில் கண்ணாடி முன்னால் மயங்கி விழுந்தாள், விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை, துணிக்கட்டு சரிந்தது என்று நினைத்து நான் பாட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு விடவில்லை, பத்து நாள் படுக்கையில் வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா இது சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட மனநோய் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதுக்குப் பேரு நோய் இல்ல டாக்டர் கொழுப்பு, ரெண்டு வச்சா சரியாயிடும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஏற்கெனவே வைத்துப் பார்த்ததைச் சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம் வாயைப் பிடித்துத் திணித்திருக்கிறேன், துப்பினாள் என்று அறைந்திருக்கிறேன், கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பட்டினியில் மூளையும் சுருண்டு கிடக்கிறது, அதனிடம் போய் நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை, கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது வேறு, அது நடிப்பில்லை, முதல் மருந்து சாப்பாடு, கூடவே மனசுக்குப் பேச்சு வைத்தியம், மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கவும் சறுக்கும் என்றார். உங்களாலதான் வந்ததுன்னு நாங்க சொல்லலம்மா, ஆனா நீங்க பேசறதைக் கொஞ்சம் நிறுத்தணும் என்றும் சொன்னார். எந்த வேளைக்கு என்ன என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் பேரமே கிடையாது. நான் பரிமாற வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து உட்கார வேண்டும், சாப்பாடு, உடம்பு இரண்டைப் பற்றியும் மூச்சு விடக்கூடாது, சாப்பிட்டு முடித்த பிறகும் அவளைத் தனியே விடக்கூடாது. வாரம் ஒரு நாள் எடை பார்க்கிறார்கள், திரும்பி நிற்கச் சொல்லிப் பார்க்கிறார்கள், எவ்வளவு என்று அவளிடம் சொல்வதில்லை. உன் அப்பா சாப்பாட்டு மேஜையில் சினிமாக் கதை சொல்கிறார், பார்க்காத படத்துக்கெல்லாம் கதை சொல்கிறார், அவள் சில நாள் சிரிக்கக்கூடச் செய்கிறாள். எனக்குத்தான் வாயில் ஒன்றும் வருவதில்லை. முப்பது வருஷமாக வந்தவர் போனவரையெல்லாம் தோள், மார்பு, இடுப்பு என்றே பார்த்தவளுக்கு வேறென்ன பேசத் தெரியும். ஐந்தாவது வாரம் அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது, சந்தோஷத்தில் இப்பதான்டி முகம் ரொம்பி அழகா இருக்க என்று சொல்லித் தொலைத்தேன். தட்டைத் தள்ளினாள். மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கை, நாலு நாள். அங்கே நர்ஸ் என்னை வராந்தாவிலேயே உட்காரச் சொல்லிவிட்டார், உட்கார்ந்தேன்.

உன்மேல் அவளுக்கு என்ன கோபம் என்று கேட்பாய். கோபமில்லை. நீ ஒன்பதாம் வகுப்பு வந்தபோது உன் யூனிஃபார்முக்குப் பழுப்புத் தாளில் அளவு வெட்டி வைத்தேன். அவள் ஒன்பதாவது வந்ததும் அதே தாளைத் துணிமேல் விரித்து வெட்டினேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் டேப் பிடித்தவள் பெற்ற பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. அக்குளில் இறுக்குதும்மா என்று அழுவாள், அக்காவுக்குச் சரியா இருந்துச்சே, சட்டை மாறாது நீ மாறு என்பேன். பிரித்துவிட ஓரத்தில் துணிகூட விடவில்லை, மறந்து இல்லை, விட்டால் அவளுக்குச் சாக்கு கிடைத்துவிடும் என்றுதான் விடவில்லை. கடைசியில் சட்டை அவளுக்குச் சரியாயிற்று. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கல்லூரி போன பிறகு வீட்டில் போட்டுக்கொண்ட அதே சட்டை தொளதொளவென்று தொங்கியது, அதற்கும் சந்தோஷப்பட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் நான்தான்.

நேற்று இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் என் வாய் எங்கே அடங்குகிறது, பெரியவளுக்கு ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அதே தாள்தான் டாக்டர், ஒரு விரல்கூட மாத்தல என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வளர்ற பொண்ணுக்கா, நாலு வருஷமா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நான் சொல்ல மாட்டேன், அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, நீயே கேட்டுக்கோ என்றாள். வளரும் பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு தாள் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா, தெருவில் உள்ள அத்தனை பெண்களுக்கும் மாற்றியிருக்கிறேன். நீ பேசாமல் இருந்தாய், படித்தாய், சட்டை சரியாக இருந்தது, எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். உனக்கும் இதே நோய்தானா? இன்னும் இருக்கிறதா? போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்று நான் முடிப்பதற்குள் சொல்வாய், அதனால்தான் கடிதம்.

அங்கே ஒரு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பாதே, அதை நான் நம்ப மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், என் ஆயுசில் பாதியை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லிச் சாமியிடம் கேட்டிருக்கிறேன். டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய். பதில் உன் கையெழுத்தில் வேண்டும். நாலு வருஷமும் உன் டிபன் பாக்ஸ் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியாகத்தான் வரும், அதைச் சொல்லிச் சொல்லியே சின்னவளைத் திட்டியிருக்கிறேன். அதையெல்லாம் யார் சாப்பிட்டார்கள் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா