தெர்மாமீட்டர் உடைந்த பின் பதினேழு நாட்கள்

ஜூலை 1, செவ்வாய்

காலை ஏழரைக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. விருதுநகரில் பஸ் ஏறும்போதே புடவை நனைந்தாயிற்று. பக்கத்து சீட்டுப் பெண் இன்னொருத்தியிடம்: "லோடு போகணும்னு ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிட்டாக. புள்ளைய எங்கன விட?" தீபாவளிப் பட்டாசு சீசன் தொடங்கிவிட்டது.

சிவகாசி. அச்சகத்து மாடியில் எங்கள் அறை. கீழே கேலண்டர் ஆர்டர் ஓடுகிறது, மேலே மேசை அதிர்கிறது. இந்த வார வேலை:

- நோட்டு 31 முதல் 44 வரை கடைசிச் சரிபார்ப்பு
- மின்விசிறி (மூன்றாம் முறை சொல்லியாச்சு)
- ஜெனிபருக்கு வெள்ளி லீவு
- வெள்ளிக்கிழமை முழுத் தொகுப்பையும் பொதுத் தளத்தில் ஏற்றுவது. பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டீக்கடைக்காரர் இன்றும் கேட்டார். "சிவகாசியில ஏது மேடம் கடலு?" நோட்டில் இருக்கிறது என்றேன். உண்மையும் அதுதான். ஒரு கடற்கரை நிலையத்தில் யாரோ காலையும் மாலையும் வாளியை இறக்கி, நீரை மொண்டு, தெர்மாமீட்டர் வைத்து, பார்த்ததை எழுதி வைத்த பழைய நோட்டுகள். அவற்றின் ஸ்கேன் படத்தைப் பார்த்து எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டுவது எங்கள் பிழைப்பு. நான், முத்துமாரி அக்கா, ஜெனிபர்.

மு. அக்கா பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடம் ரிஜிஸ்டர் எழுதியவர். அங்கே ஒரு விபத்து, அதோடு வெளியே வந்துவிட்டார். என்ன விபத்து என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் தட்டிய பக்கத்தில் ஒரு கட்டம் காலி இருக்காது. போன மாதம், கடைசிச் சரிபார்ப்புக்கு முன்பே, நோட்டு 31 முதல் 44 வரை மாதிரித் தொகுப்பாகப் பகிர்ந்தபோது ஒரு ஆய்வு மாணவர் எழுதியிருந்தார், இடைவெளியே இல்லாத இப்படி ஒரு தொடரைத் தான் பார்த்ததில்லை என்று. அக்காவிடம் படித்துக் காட்டினேன். தட்டியவர் பெயரையும் தொகுப்பில் போடுவது எங்கள் வழக்கம். அவர் மகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாளாம்.

ஜூலை 2, புதன்

நோட்டு 37. குறிப்புப் பத்தியில்: 'தெர்மாமீட்டர் உடைந்தது. புதியது வரவில்லை.' அக்கா பிசகாமல் தட்டியிருக்கிறார். அதே வரியில் நீரின் சூடு 28.4. மறுநாள் 28.5. அதற்கு மறுநாள் 28.5. இப்படிப் பதினேழு நாள். எதை வைத்து அளந்தான் மனுஷன், விரலை விட்டா?

ஸ்கேன் படத்தைத் திறந்தேன். பதினேழு கட்டமும் காலி.

பிறகு உட்கார்ந்து தேடியது:

நோட்டு 33. புயல், ஆறு நாள் கடலுக்குப் போகவில்லை. கோப்பில் எண் இருக்கிறது.
நோட்டு 40. பூச்சி அரித்த பக்கம். எண் இருக்கிறது.
நோட்டு 42. 'எனக்குக் காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறார் பாவம். அதற்கும் எண் இருக்கிறது.

எல்லாம் மு. தட்டியவை. ஜெனிபர் தட்டியதில் காலி காலியாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரின் வரம்புச் சோதனையில் எதுவும் மாட்டவில்லை. எப்படி மாட்டும்? இட்டுக்கட்டிய எண் வரம்பைத் தாண்டவே தாண்டாது. ஒரே நோட்டை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி ஒப்பிட வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. நேரமில்லை என்று அதை வெட்டியவள் நான்.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

அக்காவிடம் கேட்டுவிட்டேன். குரலை உயர்த்தக் கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தேன். நோட்டுப் படத்தையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"ஆமா மேடம், நாந்தான் போட்டேன்" என்றார். ஒளிக்கவே இல்லை. "காலி விட்டா ஆபீசர் வந்து கேப்பாகள்ல?"

"எந்த ஆபீசர்க்கா?"

"அங்கன, பட்டாசுக் கம்பெனில, அப்படித்தான். ஒவ்வொரு ரூமுலயும் ரெண்டு மணிக்கொருக்கா சூடு பாத்து எழுதணும். சீசன்ல எங்க போய்ப் பாக்க? காலி இருந்தா போர்மேன் என்னையத்தான் ஏசுவாரு. மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் பாத்து நடுவுல ஒண்ணு போடுன்னு அவருதான் பழக்கி விட்டாரு. நான் கண்டபடி போட மாட்டேன் மேடம். பாத்துத்தான் போட்டேன்."

பாத்துத்தான் போட்டாராம். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. காலி இருந்தால் காலியாக விடுங்கள் என்று இரண்டு வருடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு, ஒரு கட்டம்கூட விடாமல் தட்டுகிறாரே என்று பாராட்டு வேறு.

ஜெனிபர் இரண்டு பேரையும் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

தொகுப்பை ஏற்றவில்லை. திட்டத் தலைவருக்குப் போன். சென்னைக்காரர், கோபப்படாமல் பேசுவார், அதுதான் பயம்.

"சரியான கோப்பைத் தயார் பண்ணுங்க எஸ்தர். மாதிரித் தொகுப்பு இருக்கிற இடத்துல அதே பேர்ல போட்டுடுங்க. குறிப்பு எதுவும் வேண்டாம்."

ஏற்கெனவே எடுத்தவர்கள்?

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க குறிப்புப் போட்டா நிதி கொடுக்கிறவங்க கேப்பாங்க. யார் பண்ணினது, இன்னும் வேலைல இருக்காங்களான்னு. அப்புறம் அந்த அம்மாவை நான் வெச்சிருக்க முடியாது. யோசிச்சுக்கோங்க."

ஆக கணக்கு எளிது. வாயை மூடினால் அக்கா இருப்பார். திறந்தால் போவார். அந்தப் பதினேழு நாளை நம்பி அந்த மாணவர் கடல் எவ்வளவு சூடாகிறது என்று ஒரு அத்தியாயமே எழுதிக்கொண்டிருக்கிறார்.

மின்விசிறி இன்றும் வரவில்லை.

ஜூலை 5, சனி

ஜெனிபர் போன பிறகு அக்காவிடம் இரண்டு வழியையும் சொன்னேன். சொல்லாமல் நானே முடிவெடுத்திருக்கலாம். தைரியமில்லை.

அவர் ரொம்ப நேரம் டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த விபத்தைப் பற்றிச் சொன்னார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அன்னைக்கு ரெண்டு மணிச் சூட்டை நான் பன்னெண்டு மணிக்கே எழுதிட்டேன் மேடம். எல்லா ரூமுக்கும் சேத்து. ரெண்டரைக்கு வெடிச்சுச்சு. மூணு பேரு போயிட்டாக. அதுல பேச்சியம்மா என்கூட ஒண்ணாச் சோறு திங்கிறவ. விசாரணைக்கு வந்தவரு ரிஜிஸ்டரப் புரட்டிப் பாத்தாரு. சூடு அளவுக்குள்ளதான் இருந்துருக்கு, வேலை பாத்தவக கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ரிஜிஸ்டர் சுத்தமா இருக்குதும்மான்னு என்கிட்ட சொன்னாரு. நான் தலைய ஆட்டுனேன்."

"அன்னைக்கு உள்ளபடி எம்புட்டு வெக்கைன்னு யாருக்குமே தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

படியிறங்கும்போது, "எழுதிருங்க மேடம்" என்றார். "அவுக எடுத்து வச்சிருக்காகள்ல, தப்புன்னு அவுகளுக்குத் தெரியணும்."

எழுதுங்கள் என்று அவரே சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் நான் என்னைப் பெரிய நியாயவாதியாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனையில் போதகர் மழைக்கு ஜெபித்தார். பாதிப் பேர் ஆமென் சொல்லவில்லை. மழை பெய்தால் பட்டாசு காயாது. வெயில் அடித்தால் இன்னொரு பயம். ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார்?

ஜூலை 11, வெள்ளி

ஐந்து நாளும் நானும் அக்காவும் நோட்டு நோட்டாக. படத்தில் காலியென்றால் கோப்பில் அழிக்கிறோம். எது எங்கே தான் போட்டது என்று அவருக்கே பெரும்பாலும் நினைவிருக்கிறது. பக்கம் திறக்கும் முன்பே "இதுல நாலு இருக்கும்" என்பார், இருக்கும். மளமளவென்று அழித்தார். ஒரு இடத்தில் மட்டும் நின்றார். காய்ச்சல்காரரின் பக்கம். "இவருக்கு அப்புறம் சொகமாச்சா மேடம்?" அடுத்த வாரமே வாளியோடு போயிருக்கிறார் என்று காட்டினேன்.

ஏற்றிவிட்டேன், மாலை நாலு மணிக்கு. இரண்டாம் பதிப்பு; போன மாத மாதிரித் தொகுப்புதான் முதல் பதிப்பு. குறிப்பு: 'முதல் பதிப்பில், நோட்டில் அளவு இல்லாத நாட்களுக்குத் தட்டச்சின்போது மதிப்பீட்டு எண்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவை நீக்கப்பட்டுள்ளன. இருமுறைத் தட்டச்சு ஒப்பீடு செய்யப்படவில்லை; அது பொறுப்பாளரின் முடிவு. முதல் பதிப்பைப் பயன்படுத்த வேண்டாம்.' கீழே என் பெயர். எடுத்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மெயிலும்.

தலைவருக்கும் எழுதினேன், தப்பு என்னுடையது, அக்காவை வைத்துக்கொள்ளுங்கள் என்று. பதில் இல்லை.

ஜூலை 14, திங்கள்

பதில் இரண்டு.

மாணவர்: நன்றி. அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒரு கடுஞ்சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

தலைவர்: ஒரே வரி. மு. இன்றோடு நிறுத்தப்படுகிறார். நான் அடுத்த மார்ச் வரை தொடரலாம்.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டவள் இருக்கிறாள், அவர் போகிறார்.

அக்கா மேசையைத் துடைத்தார். தண்ணீர் பாட்டில், குடை, மகள் ஒட்டிக் கொடுத்த கீபோர்டு எழுத்து அட்டை. வேறு ஒன்றுமில்லை. தெரிந்த இடங்களில் சொல்லி வைக்கிறேன் என்றேன். "சரி மேடம், மத்தியானம் சாப்பிடுங்க, நீங்க சாப்பிடவே மாட்டேங்குறீக" என்றார்.

ஜெனிபர் அழுதாள். கீழே மிஷின் நிற்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

வெயில் கொஞ்சமும் குறையவில்லை. சொல்லி வைத்த இடங்கள்: ஜெராக்ஸ் கடை, நர்சிங் ஹோம், பள்ளிக்கூட அலுவலகம். மூன்றும் இல்லை.

சாயங்காலம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அக்காவே எதிரே வந்தார். விரலெல்லாம் மருந்துப் பொடியின் வெள்ளி நிறம். வேறொரு பட்டாசுக் கம்பெனி, போன வாரம் சேர்ந்தாராம். அனுபவம் உண்டு என்று ரிஜிஸ்டரைத்தான் முதலில் கொடுத்தார்களாம்.

"நான் பாத்ததை மட்டும் எழுதுனேன் மேடம். பாக்காததைக் காலியா விட்டுட்டேன். மூணாம் நாளு போர்மேன் வாங்கிட்டாரு."

இப்போது என்ன வேலை என்று கேட்டேன்.

"வெடிக்குள்ள மருந்து செலுத்துற ரூமு."

அங்கே ரிஜிஸ்டர் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒரு சின்னப் பிள்ள. நல்லா எழுதுறா. ஒரு கட்டம் காலி இல்ல."

பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.