காவடியும் வலது முழங்காலும்

ஜூன், புதன். ஹம், ஜேர்மனி.
காலையிலிருந்து மழை. மைதானம் சேறு. பயிற்சி முழுக்கப் பின்னோக்கி ஓட்டம். அமெரிக்கன் புட்போலில் என் வேலையே அதுதான். பந்து பிடிக்க வருகிறவனைப் பார்த்தபடி பின்னால் ஓடி, பந்தைத் தட்டிவிட வேண்டும். தவறினால் அரங்கமே என்னைத்தான் பார்க்கும்.

குளிர்காலத்தில் வலது முழங்கால் ஒப்பரேசன். இன்னொரு முறை கிழிந்தால் விளையாட்டு முடிந்தது என்று டொக்டர் அப்போதே சொல்லிவிட்டார். இப்போது சுகம். ஞாயிறுதான் அதற்குப் பிறகு முதல் ஆட்டம். அதைப் பார்த்துத்தான் புது ஒப்பந்தம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா: "ஞாயிறு அம்மன் கோயில் தேர். காவடிக்குப் பேர் குடுத்திட்டன். உன்ர கால் சுகமாகோணும் எண்டு வைச்ச நேர்த்தி."

"அண்டைக்கு மட்ச் அம்மா."

"அம்மாளோட விளையாடாதை."

சுகமான காலுக்காகக் காவடி. ஆட வேண்டியதும் அதே காலால். யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

வியாழன்.
விரதம். மச்ச மாமிசம் இல்லை, முட்டை இல்லை. பருப்பு, மறுபடி பருப்பு. விளையாட்டுக் கழகத்தில் எல்லோர் தட்டிலும் கோழி. வாங்க வேண்டியவை: மோர், வாழைப்பழம், சவரக் கத்தி.

அப்பாவைக் கேட்டேன். "கொம்மா அழுது தீர்த்தவ. என்னாலை ஒண்டும் சொல்ல ஏலாது." டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வெள்ளி.
பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லி ஞாயிறு விடுப்புக் கேட்கத்தான் போனேன். கோயில் என்றால் சிரிப்பாரோ என்று கூச்சம். வாயில் வந்தது வேறு: முழங்கால் வீங்குது. உடனே ஐஸ் பை. "அவசரப்படாதே. திங்கள் டொக்டரைப் பார்க்க டெர்மின் எடுக்கிறேன்." நல்ல மனிதர். அதுதான் எரிச்சல்.

என் இடத்தில் யோனாஸ். என்னைவிட மெதுவாகத் திரும்புகிறவன்.

சனி.
முடி வெட்டினேன். யோனாஸிடமிருந்து செய்தி: சீக்கிரம் சுகமாகி வா. இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள், இரண்டும் அன்பால்.

ஞாயிறு.
நல்ல வெயில். வெறுங்கால், தார் வீதி. தோளில் காவடி. முதுகில் செடில் கொக்கிகள், அவற்றின் கயிறு பின்னால் மாமா கையில். மேளம் ஏற ஏற ஆடினேன். பொய் எதற்கு, நன்றாகத்தான் இருந்தது. வளைவில் சட்டென்று திரும்பினேன். முழங்காலுக்குள் 'டக்'. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"ஆடு தம்பி, ஆடு!" மாமா கயிற்றை இழுத்தார்.

அழுதேன். சனம் பக்தி என்று நினைத்தது. அம்மாவும் அழுதா. மிச்சத் தூரம் இடது காலை நம்பி.

பின்னேரம். குளியலறைத் தரையில் எழுதுகிறேன். முழங்கால் பூசணிக்காய். வெள்ளிக்கிழமைப் பொய் உண்மையாகிவிட்டது. கழகத்துக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வாய் வராது. வயது இருபத்தெட்டு. வேறு வேலை தெரியாது. பயமாக இருக்கிறது.

வெளியே அம்மா, பெரியம்மாவோடு போனில்: "கால் முழுக்கச் சுகம் அக்கா. எப்பிடி ஆடினவன் பாத்தனீங்கள்தானே? வாற வருசமும் எடுப்பான் எண்டு நேர்ந்திட்டன்."

கதவில் தட்டல். "தம்பி, கேட்டதோ?"

"ஓம் அம்மா."

எழும்ப முடியவில்லை.