மேப்பிள் சிவப்பு

அன்புள்ள அம்மா,

முழங்கால் நோவு இப்போது எப்படி? மழைக்குள் கிணற்றடிக்குப் போக வேண்டாம். நான் சுகம். வேலைதான் ஆளைப் பிழிகிறது. பேக்கரியில் நின்று நின்று கால் இரண்டும் விறைத்துப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் துவாரகா என்னை ரூஜ் ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கரையோரப் பாதை முழுக்க மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் நின்றன. நான் இருக்கும் இந்தப் பேஸ்மன்ற் நிலவறைக் குளிருக்குத் துண்டுத்துணிகளை இணைத்து ஒரு போர்வை தைக்கிறேன் என்றேனே, அதற்கு நிறம் பார்க்க நாலைந்து மேப்பிள் இலைகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டேன். அண்ணாந்து பார்த்து நடந்ததில் சறுக்கி விழுந்தும்விட்டேன்.

"அக்கா, இலையைப் பிறகு பாருங்கோ, முதல்ல நிலத்தைப் பாருங்கோ" என்று துவாரகா சிரித்தாள். பயப்படாதேங்கோ, சின்னச் சுளுக்குத்தான்.

பிறகு வேலையால் வந்து வந்து அப்படியே படுத்துவிட்டேன். இன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். இலையெல்லாம் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. கடைத் துணியிலும் அந்தச் சிவப்பு இல்லை. அது உங்கள் கல்யாணக் கூறைச்சேலையின் சிவப்பு அம்மா. அப்பா போனபிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்களே, அது.

வெட்டி அனுப்ப வேண்டாம். ஒருக்கால் உடுத்தி, முற்றத்து வெயிலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. நிறம் பார்க்கத்தான். சனம் ஏதும் கதைத்தால், மகள் கேட்டவள் என்று சொல்லுங்கோ.

பஸ் வருகிறது.

தேனுகா